வேதியியலும் நியாயமான சோதனையும்: கடலூர், புதுச்சேரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அறிவியல் கண்காட்சி நெருங்கும் மாதங்களில் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பள்ளி மாணவர்களுக்குச் செய்முறைத் திட்டங்களில் உதவி வருகிறேன். மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் என்று கேட்பவர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்களை மனதில் வைத்து அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். ஆய்வகம் வேண்டாம். சமையலறை, மளிகைக் கடை, கடற்கரை, ஒரு நோட்டு இருந்தால் போதும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகை கக்கும் பெரிய மாதிரியைவிட, ஒரு சின்னக் கேள்விக்கு நியாயமாகத் தேடிக் கண்டுபிடித்த விடையே உயர்ந்தது. கீழே உள்ள எல்லாப் பதில்களும் அந்த எண்ணத்தில் எழுதியவைதான்.

நியாயமான சோதனை என்றால் என்ன?

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பது. சொல்வதற்கு எளிது, செய்யும்போதுதான் சிக்கல் தெரியும்.

வாழைப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நறுக்கியவுடன் மோரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஒரு மாணவி இதைச் சோதிக்க நினைக்கிறாள். ஒரு கிண்ணத்தில் மோர் ஊற்றி நறுக்கிய பூவைப் போடுகிறாள், இன்னொரு கிண்ணத்தில் வெறுமனே பூவை வைக்கிறாள். அரை மணி நேரத்தில் வெறும் கிண்ணத்தில் இருந்தது கறுத்துவிட்டது. மோரின் புளிப்பு கறுப்பைத் தடுத்தது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. இரண்டு கிண்ணங்களுக்கும் இடையில் இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. ஒன்றில் புளிப்பு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அதோடு, ஒன்றில் பூ திரவத்துக்குள் முழுகியிருக்கிறது, இன்னொன்றில் காற்றுபட இருக்கிறது. கறுப்பு வருவதே பூவில் உள்ள ஒரு நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பூவின் வேதிப்பொருள்களை மாற்றுவதால்தான். எனவே வெறும் தண்ணீரில் போட்டாலே காற்று குறைந்து கறுப்பு தாமதமாகலாம். புளிப்பின் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் மூன்றாவதாக ஒரு கிண்ணம் வேண்டும், வெறும் தண்ணீர் ஊற்றிய கிண்ணம். மோர்க் கிண்ணத்தை அதோடுதான் ஒப்பிட வேண்டும். இந்த மூன்றாவது கிண்ணத்துக்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். நான் பார்த்த திட்டங்களில் பெரும்பாலானவற்றில் விடுபட்டுப்போவது இதுதான்.

அப்புறம் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர், புளித்தண்ணீர் என்று விரித்துக்கொண்டே போகலாம். ஒரே பூவின் ஒரே அடுக்கிலிருந்து எடுத்த இதழ்கள், ஒரே கத்தி, ஒரே அளவு திரவம், ஒரே நேரத்தில் தொடக்கம். இதெல்லாம் சரியாக இருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் உண்மையான அறிவியல் செய்துவிடலாம்.

சாரா மாறி, சார்ந்த மாறி என்று புத்தகத்தில் வருகிறதே, அது குழப்புகிறது சார்.

நீங்கள் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. அதனால் மாறுகிறதா என்று நீங்கள் அளந்து பார்ப்பது சார்ந்த மாறி. வாழைப்பூச் சோதனையில் எந்தத் திரவம் என்பது சாரா மாறி, எவ்வளவு கறுத்தது என்பது சார்ந்த மாறி. மாறாமல் பிடித்து வைப்பவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள்: "இதை மாற்றினால் அது எப்படி மாறும்?" இந்த அச்சில் உங்கள் கேள்வி உட்காரவில்லை என்றால் அது இன்னும் சோதனைக்குத் தயாராகவில்லை. "மாசு பற்றிய ஆய்வு" என்பது வெறும் தலைப்பு. "தண்ணீரில் உப்பு கூடினால் ஆணி துருப்பிடிக்கும் வேகம் எப்படி மாறும்?" என்பது கேள்வி.

இப்படிச் சோதிக்கும் பழக்கம் எப்போது வந்தது?

ஒரே ஆள் தொடங்கி வைத்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் மாணவர்களுக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று உண்டு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளைத் தேர்ந்தெடுத்தார். எல்லாருக்கும் நோய் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தது. எல்லாரையும் ஒரே இடத்தில் தங்கவைத்து, ஒரே வழக்கமான உணவு கொடுத்து, இரண்டிரண்டு பேராக ஆறு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வினிகர், ஒரு குழுவுக்குக் கடல்நீர், ஒரு குழுவுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொன்று. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் சில நாளிலேயே தேறினார்கள். ஸ்கர்வி வருவது வைட்டமின் சி குறைவதால், அந்தப் பழங்களில் அது இருக்கிறது. ஆனால் வைட்டமின் சி என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாதபோதும் நியாயமான ஒப்பீடு விடையைக் காட்டிவிட்டது.

குழுவுக்கு இரண்டே பேர் என்பது குறைவுதான். அது அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது.

ஒரு சோதனையை எத்தனை முறை செய்ய வேண்டும்?

குறைந்தது மூன்று முறை. நேரமும் பொருளும் இருந்தால் ஐந்து முறை. ஒரே ஒரு முறை செய்து கிடைத்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அடுத்த முறை செய்தால் எவ்வளவு மாறும் என்று உங்களுக்கே தெரியாது. மூன்று முறையும் 40, 42, 41 விநாடி வந்தால் நம்பலாம். 25, 60, 41 என்று வந்தால் சராசரி 42, முந்தைய 41-க்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அதில் பொருளில்லை. எனவே சராசரியோடு, மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள்.

திரும்பச் செய்ய முடிவதே வேதியியலின் பெரிய வசதி. எல்லா அறிவியலுக்கும் அது வாய்ப்பதில்லை. லெ ஜான்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்குப் புறப்பட்டார். 1761-இல் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியாமல் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார். எட்டு ஆண்டு இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்து, 1769 ஜூனில் பாண்டிச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக நின்றபோது மேகம் மறைத்துவிட்டது. அதற்கடுத்த வாய்ப்பு 1874-இல்தான். வினிகரும் ஆப்ப சோடாவும் கையில் இருக்கிற நீங்கள் ஐந்து நிமிடத்தில் இன்னொரு முறை செய்துவிடலாம். சோம்பல் படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்றில் ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை என்றால் அதைச் சத்தமில்லாமல் நீக்கக் கூடாது. அப்போது என்ன நடந்தது என்று நோட்டில் பாருங்கள். பலூன் கசிந்தது என்று எழுதியிருந்தால் காரணம் சொல்லி விலக்கலாம். காரணம் இல்லையென்றால் அது அட்டவணையில் இருக்கட்டும்.

தனிமம், சேர்மம், கலவை: வித்தியாசத்தை எப்படிப் புரியவைப்பது?

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலிருந்து ஒரு பாட்டில் கடல்நீர் எடுத்து வாருங்கள். அதில் மூன்றும் இருக்கின்றன. கடல்நீர் ஒரு கலவை. உப்பும் நீரும் எந்த விகிதத்திலும் கலந்திருக்கலாம், வெயிலில் வைத்தால் பிரிந்துவிடும். நீர் ஒரு சேர்மம். ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் சேர்ந்தால்தான் நீர், அந்த விகிதம் மாறாது, வெயிலில் காய்த்தாலும் பிரியாது. அந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனிமங்கள்.

திறந்த கடலின் நீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கும். கெடிலமும் பெண்ணையாறும் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, அதுவும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, இது குறையும். 200 மில்லி கடல்நீரைத் தட்டில் ஊற்றி, மேலே கொசுவலைத் துணி கட்டி, மொட்டை மாடியில் காயவையுங்கள். மிஞ்சும் உப்பைச் சமையல் தராசில் எடை போடுங்கள். கோடையில் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை, ஒரே இடத்தில் எடுத்துச் செய்தால் அதுவே ஒரு முழுத் திட்டம். காய்ந்த உப்பு மழைநாளில் கசகசவென்று ஈரமாவதையும் பார்ப்பீர்கள். கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் உப்புகளும் இருக்கின்றன, அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

அணுவும் மூலக்கூறும் கண்ணுக்குத் தெரியாதே, எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. 18 கிராம் தண்ணீரில், அதாவது ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்றுக் கூடுதலான தண்ணீரில், ஏறக்குறைய 6.022 பெருக்கல் 10-இன் அடுக்கு 23 மூலக்கூறுகள் இருக்கின்றன. நேரில் பார்த்துத்தான் நம்புவேன் என்றால் முடியாது. ஆனால் அணுக்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் சேர்கின்றன என்பதை வீட்டிலேயே எடைபோட்டு உணரலாம். கீழே வரும் பலூன் சோதனை அதற்குத்தான்.

இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம்: எரிமலை, மெழுகுவத்தி தவிர வேறு உதாரணம் உண்டா?

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு.

கிளிஞ்சலை உடைத்துப் பொடியாக்கினால் அது இயற்பியல் மாற்றம். பொடியும் கால்சியம் கார்பனேட்தான். அதே கிளிஞ்சலைச் சூளையில் 800, 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு என்ற கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். இது வேதியியல் மாற்றம். கணக்கும் அழகாக வரும்: 100 கிராம் தூய கால்சியம் கார்பனேட் முழுவதும் வெந்தால் 56 கிராம் சுண்ணாம்பு, 44 கிராம் வாயு. அந்த 56 கிராம், 18 கிராம் தண்ணீரோடு சேர்ந்து 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு ஆகும். அப்போது கொதிக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சுள்ள சுவரைத் தொட்டால், நீங்கள் தொடுவது வேதிப்படி கிளிஞ்சலைத்தான்.

சூளையையும் சுட்ட சுண்ணாம்பையும் வீட்டில் முயல வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். வெறும் கிளிஞ்சலை வினிகரில் போட்டுக் குமிழி வருவதைப் பாருங்கள், அது போதும். முழுக் கிளிஞ்சலும் பொடித்த கிளிஞ்சலும் ஒரே எடையில் எடுத்து, எது சீக்கிரம் கரைகிறது என்று ஒப்பிட்டால் வினைவேகம் பரப்பளவைச் சார்ந்தது என்பதும் தெரிந்துவிடும்.

எரிமலை மாதிரி செய்யலாமா, கூடாதா?

செய்யலாம். ஆனால் வினிகரும் ஆப்ப சோடாவும் பொங்குவதைக் காட்டி நிறுத்திக்கொண்டால் அது வேடிக்கை. அதே இரண்டு பொருளில் அருமையான சோதனை ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஒரே மாதிரியான ஐந்து பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் 100 மில்லி வினிகர். ஐந்து பலூன்களில் முறையே 2, 4, 6, 8, 10 கிராம் ஆப்ப சோடா. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி, தூக்கிச் சோடாவை உள்ளே கொட்டுங்கள். பலூன் உப்பும். சோடா கூடக்கூடப் பலூனும் பெரிதாகிக்கொண்டே போகும் என்றுதான் எல்லாரும் கருதுகோள், அதாவது சோதனைக்கு முன் எழுதும் ஊகம், எழுதுவார்கள். 2-க்கும் 4-க்கும் அப்படித்தான் நடக்கும். 6-க்குப் பிறகு நின்றுவிடும். 10 கிராம் போட்ட பாட்டிலின் அடியில் சோடா வெள்ளையாகத் தங்கியிருக்கலாம்.

ஏன்? கடையில் கிடைக்கும் வினிகரில் பெரும்பாலும் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம்தான் இருக்கிறது, பாட்டில் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். 100 மில்லியில் 4 கிராம். 60 கிராம் அசிட்டிக் அமிலத்துக்கு 84 கிராம் சோடா என்ற விகிதத்தில்தான் இரண்டும் வினைபுரியும். எனவே 4 கிராம் அமிலத்துக்கு 5.6 கிராம் சோடா போதும். அதற்கு மேல் போட்ட சோடாவுக்கு ஜோடி கிடைக்காது. அணுக்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேர்வதை உங்கள் வரைபடமே காட்டுகிறது: ஏறிக்கொண்டே வந்த கோடு 5.6 கிராம் பக்கத்தில் படுத்துவிடும்.

இதில் கவனிக்க இரண்டு உண்டு. பேக்கிங் பவுடர் வேறு, ஆப்ப சோடா வேறு. பவுடரில் ஏற்கெனவே அமிலமும் மாவும் கலந்திருக்கும், கணக்கு தப்பும். அடுத்து, பலூனின் சுற்றளவை நூலால் அளந்தால் அதை வாயுவின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாயு இரண்டு மடங்கானால் சுற்றளவு ஏறக்குறைய 1.26 மடங்குதான் ஆகும். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் சுற்றளவிலிருந்து கன அளவைக் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். புதுப் பலூன் விறைப்பாக இருக்கும், எல்லாவற்றையும் முன்பே ஒரே அளவு ஊதி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறை மாறாது என்கிறார்கள். ஆனால் பாட்டிலைப் பலூனால் மூடி எடைபோட்டால் குறைகிறதே?

இதைக் கவனித்துக் கேட்கும் மாணவரைப் பாராட்ட வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வினைகளை மூடிய கலங்களில் செய்து எடைபோட்டு, வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறுவதில்லை என்று காட்டினார். வீட்டில் 5 கிராம் சோடாவும் 100 மில்லி வினிகரும் திறந்த பாட்டிலில் கலந்தால் 2.6 கிராம் வரை குறையும். அது வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு. சரி, பலூன் மாட்டினால் குறையக் கூடாது அல்லவா? தராசு அப்போதும் ஏறக்குறைய ஒன்றரை கிராம் குறைத்தே காட்டும்.

வாயு கசியவில்லை. உப்பிய பலூன் தன் அளவுக்குக் காற்றை விலக்குகிறது, அந்தக் காற்று பலூனை மேலே தள்ளுகிறது. ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிராம். பலூனில் ஒன்றே கால் லிட்டருக்கு மேல் வாயு இருப்பதால் அதற்கேற்ற அளவு எடை குறைவாகத் தெரிகிறது. நிறை மாறவில்லை, தராசு காட்டுவதுதான் மாறுகிறது. 1 கிராம் அளவுக்குத்தான் காட்டும் சமையல் தராசில் இது மங்கலாகத் தெரியும், நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு கிடைத்தால் நன்றாகத் தெரியும். இதை விளக்கிய மாணவருக்கு நடுவர் இரண்டாம் கேள்வி கேட்க மாட்டார்.

அமிலம், காரம் கண்டுபிடிக்க லிட்மஸ் தாள் இல்லை. என்ன செய்வது?

ஆரத்தித் தட்டில் இருக்கிறது விடை. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அது நிறங்காட்டி வேலைதான். சுண்ணாம்பு காரம், மஞ்சள் காரத்தில் சிவக்கும். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். ஆனால் மஞ்சளுக்கு ஒரு குறை: எலுமிச்சைச் சாற்றிலும் வெறும் தண்ணீரிலும் அது ஒரே மஞ்சள்தான். அமிலத்தையும் நடுநிலையையும் அதால் பிரிக்க முடியாது.

அதற்குச் சங்குப்பூ நல்லது. நீலப் பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலச் சாறு. அமிலத்தில் ஊதாவும் சிவப்பும் கலந்த நிறம், காரத்தில் பச்சை. செம்பருத்தியும் அமிலத்தில் அடர் ரோஜா நிறமும் காரத்தில் பச்சையும் காட்டும். சாறு எல்லாக் கிண்ணத்திலும் ஒரே அளவு, ஒரே ஊறலிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். நேற்று ஊறவைத்ததையும் இன்று ஊறவைத்ததையும் கலக்கக் கூடாது.

அமிலத்தன்மையை எண்ணால் சொல்லும் பிஹெச் அளவுகோலை டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன்சன் 1909-இல் கொண்டுவந்தார். அதில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். பிஹெச் 4 என்பது 6-ஐவிட நூறு மடங்கு அமிலம். இதை மறந்துவிட்டு "கொஞ்சம் கூடுதல்" என்று எழுதுபவர்கள் அதிகம்.

ஆணி துருப்பிடிக்கும் சோதனையைச் சரியாகச் செய்வது எப்படி?

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு இல்லை. சன்னல் கம்பி, சைக்கிள் செயின், படகின் ஆணி என்று துருவோடுதான் வாழ்கிறோம். ஆனால் பெரும்பாலோர் இதை அரைகுறையாகச் செய்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஆணி. துத்தநாகப் பூச்சுள்ள ஆணி லேசில் துருப்பிடிக்காது. பூச்சில்லாத இரும்பு ஆணி கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் உப்புத்தாளால் ஒரே மாதிரி தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். கை எண்ணெய் பட்டாலும் வித்தியாசம் வரும்.

துருவுக்கு நீரும் ஆக்சிஜனும் இரண்டும் வேண்டும் என்று காட்ட மூன்று குப்பிகள் போதும். ஒன்றில் பாதி முழுகும் அளவு குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், ஆணி முழுதும் முழுகும்படி, மேலே ஒரு விரல் உயரம் சமையல் எண்ணெய். கொதித்தபோது கரைந்திருந்த காற்று போய்விட்டது, எண்ணெய் புதிதாக வர விடாது. மூன்றாவதில் தண்ணீரே இல்லை, செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடிய குப்பி. ஒரு வாரத்தில் முதல் குப்பியின் ஆணி மட்டும் நன்றாகச் சிவந்திருக்கும்.

அடுத்தது உப்பின் பங்கு. இங்கேதான் எல்லாரும் கடல்நீர் ஒரு குப்பி, கிணற்று நீர் ஒரு குப்பி என்று வைக்கிறார்கள். கடல்நீருக்கும் கிணற்று நீருக்கும் உப்பு மட்டுமா வேறுபாடு? மெக்னீசியம், கால்சியம், நுண்ணுயிர், பிஹெச் என்று எத்தனையோ இருக்கின்றன. "கடல்நீரில் வேகமாகத் துருப்பிடிக்கிறதா?" என்பது கேள்வியானால் இந்த ஒப்பீடு சரி. "உப்புதான் காரணமா?" என்பது கேள்வியானால், ஒரே கேனிலிருந்து எடுத்த தண்ணீரில் உப்பைக் கரைத்துத்தான் பார்க்க வேண்டும். 100 மில்லிக்கு 0, 1, 3, 6, 12 கிராம் என்று ஐந்து அளவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆணி.

உப்பு இரும்போடு நேராகச் சேர்ந்து துருவாவதில்லை. தண்ணீரில் மின்னூட்டம் எளிதாகக் கடக்க உதவி, வினையை வேகப்படுத்துகிறது. ஆனால் உப்பு கூடக்கூடத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. இந்த இரண்டும் எதிரெதிராக இழுப்பதால், ஏறக்குறைய 3 சதவீதம் வரை அரிப்பு கூடி அதற்கு மேல் குறையத் தொடங்கும். கடல்நீரின் உப்பளவு ஏறக்குறைய அந்த உச்சத்தின் அருகிலேயே இருக்கிறது என்பதை நினைத்தால் நம் சன்னல் கம்பிகளின் நிலை புரியும்.

துருவை எப்படி அளப்பது? சமையல் தராசுக்கு அது சிக்காது. நான் சொல்லும் வழி இது: ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே வெளிச்சம், ஒரே தூரத்தில் போட்டோ. கடைசியில் ஆணிகளுக்கு எண் மட்டும் ஒட்டி, எது எந்தக் குப்பி என்று தெரியாத இரண்டு நண்பர்களிடம் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். நீங்களே போட்டால் எதிர்பார்ப்பு கையைப் பிடித்து இழுக்கும். பெரிய மருந்து ஆய்வுகளிலும் இதே காரணத்துக்காகத்தான் மதிப்பிடுபவரிடம் விவரத்தை மறைக்கிறார்கள்.

உப்பனாற்று நீரில் மாசு இருக்கிறதா என்று சோதிக்கலாமா?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை உப்பனாற்றை ஒட்டி இருப்பதால் இதைக் கேட்காத மாணவர் இல்லை. ஆர்வம் சரியானது. ஆனால் மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்த தாளும் சோப்பு நுரையும் வைத்து உலோகங்களையோ கரைப்பான்களையோ கண்டுபிடிக்க முடியாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். தாளின் நிறம் மாறவில்லை என்பதால் "நீர் சுத்தம்" என்று எழுதுவதும் தவறு, லேசாக மாறியதால் "விஷம்" என்று எழுதுவதும் தவறு.

இன்னொன்று, இது கடலோடு சேரும் ஆறு. அலையேற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும், இறக்கத்தில் ஆற்று நீர் வெளியே போகும். காலையில் ஓரிடத்திலும் மாலையில் இன்னோரிடத்திலும் எடுத்த நீரை ஒப்பிட்டால் இடத்தை ஒப்பிடுகிறோமா, அலையை ஒப்பிடுகிறோமா என்றே தெரியாது. வீட்டுக் கருவிகளால் செய்யக்கூடிய நல்ல கேள்வி: அலை ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே இடத்தில் உப்பளவு எவ்வளவு மாறுகிறது? பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும், கழிவுநீர்க் குழாய் பக்கம் போகக் கூடாது.

கருதுகோள் தப்பாகிவிட்டால் மதிப்பெண் குறையுமா?

குறையக் கூடாது. சோடா சோதனையில் "கூடிக்கொண்டே போகும்" என்று எழுதிவிட்டு 6 கிராமில் நின்றதைக் கண்ட மாணவர்தான் அதிகம் கற்றவர். முன்பு எழுதிய கருதுகோளை அழித்துத் திருத்தாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும், கீழே கிடைத்ததை எழுதுங்கள்.

வரைபடம் கோடா, பட்டையா?

சாரா மாறி எண்ணாக இருந்தால் (2, 4, 6 கிராம்) கோட்டு வரைபடம். வகையாக இருந்தால் (மோர், தண்ணீர், எலுமிச்சை) பட்டை வரைபடம்.

பெற்றோர் எவ்வளவு உதவலாம்?

சூடான பொருள், கத்தி, கடைக்குப் போவது: இவற்றில் முழுமையாக. கேள்வி, எண்கள், எழுத்து: இவற்றில் கை வைக்காதீர்கள். கடையில் தயாராக விற்கும் திட்டத்தை வாங்கித் தருவது பிள்ளைக்கு ஒரு வார வேலையை மிச்சப்படுத்தும், அந்த வாரத்தில் கற்றிருக்க வேண்டியதையும் சேர்த்து.

எதையெல்லாம் செய்யவே கூடாது?

பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கழிப்பறை கழுவும் அமிலத்தோடு எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. சோதனை வேண்டாம், வீட்டில் தரை கழுவும்போதும் கூடாது. பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், முந்திரிக்கொட்டைத் தோட்டின் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். அதை எந்தச் சோதனையிலும் சேர்க்காதீர்கள். பாட்டரியைப் பிரிக்காதீர்கள், பட்டாசு மருந்தைத் தொடாதீர்கள். சோதனைக்கு எடுத்த எதையும், அது மோரோ எலுமிச்சையோ ஆனாலும், வாயில் வைக்கக் கூடாது. வினிகர் பொங்கும் சோதனைக்குக்கூடக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

முடிந்த பிறகு மிச்சத்தை எங்கே கொட்டுவது?

வினிகர், ஆப்ப சோடா, பூச்சாறு, மஞ்சள் தண்ணீர் எல்லாவற்றையும் நிறையத் தண்ணீர் விட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடலாம். உப்புத்தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், வேர் காய்ந்துவிடும். எண்ணெய் படிந்த தண்ணீரில் எண்ணெயை வழித்துக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். துருப்பிடித்த ஆணிகளை எண் ஒட்டியபடியே ஒரு டப்பாவில் வைத்திருங்கள், நடுவர் கேட்டால் காட்ட வேண்டும். கண்காட்சி முடிந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போடலாம்.